அறுபத்தோராவது ஹெல்மெட்

பாளையங்கோட்டையில் பாக்கியசீலனின் வாடகைப் பாத்திரக்கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டுக்கு என்று கேட்டு வந்தால் இருக்கு, இல்லை, நாளைக்கு வா என்று நாலு பேச்சுப் பேசலாம். துட்டி வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு என்று கேட்டால் இல்லை என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. பக்கத்துக் கடையில் இரவல் வாங்கியாவது பந்தலையும் நாற்காலியையும் அனுப்பிவிட வேண்டும். அவருடைய அப்பா வைத்துவிட்டுப் போன வழக்கம் அது.

இன்னொன்று பச்சைக் கோடு. அண்டாவோ கரண்டியோ, பாக்கியசீலன் கடைச் சாமான் என்றால் விளிம்பில் பச்சைப் பெயின்டில் ஒரு கோடு இருக்கும். மார்க்கெட் கடைக்குச் சிவப்பு, சமாதானபுரத்துக்காரருக்கு நீலம். நாலு கடைச் சாமான் ஒரே சமையற்கட்டில் புரளும்போது, விருந்து முடிந்து ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடிக்காமல் இருப்பதற்காகப் போட்ட கோடு. அதற்கு வேறு அர்த்தம் எதுவும் கிடையாது. பின்னால் உலக அளவில் ஒரு அர்த்தம் கிடைத்ததற்குப் பாக்கியசீலன் பொறுப்பில்லை.

மேகவர்ணா புளூ மெட்டல்ஸ் என்ற கல்குவாரியின் பாதுகாப்பு அதிகாரி பூதலிங்கம் ஒருநாள் கடைக்கு வந்தார். போன வருஷம் வரை அவர் அங்கே லாரிக்குச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தவர். குவாரிக்குப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வேண்டும் என்று மேலேயிருந்து கடிதம் வந்த நேரத்தில் மேனேஜர் தலையை நிமிர்த்தினார். எதிரே பூதலிங்கம் நின்றார். நியமனம் முடிந்தது.

"அண்ணாச்சி, அறுபது ஹெல்மெட், அறுபது ஆரஞ்சு சட்டை. ரெண்டு நாளைக்கு வாடகைக்கு வேணும்."

"ஒம்ம குவாரியில எத்தன பேரு வேல செய்யுதாவ?"

"அறுபது பேரு."

"அப்பம் ஆளுக்கு ஒண்ணு வாங்கிப் போட்டுற வேண்டியதுதான வே?"

"என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லிட்டிய. ஒரு நாள் ஊர்கோலத்துக்கு எவனாவது குதிரைய வெலைக்கு வாங்குவானா?"

வாடகைக்கடைக்காரர் மறுக்க முடியாத நியாயம் இது. பாக்கியசீலன் ஒரு பிளாஸ்டிக் சாமான் மொத்தக்கடையில் மஞ்சள் ஹெல்மெட் அறுபது வாங்கினார். பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போய்விட்டு வெளியே வரும். பார்வைக்கு மட்டும் குறைவில்லை. வழக்கப்படி விளிம்பில் பச்சைக் கோடு போட்டு, சாக்கில் கட்டி அனுப்பினார்.

ஆய்வுக்கு வந்தவர் கணேஷ்ராம். உலகப் பொறுப்புக் கனிமப் பேரவை என்ற அமைப்பின் தென்மண்டல ஆய்வாளர். அந்தப் பேரவையின் தலைமையகம் எங்கேயோ பனி பெய்யும் நாட்டில் இருக்கிறது. பூமியைத் தோண்டுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து, பூமியை ஒழுங்காகத் தோண்டுகிறோமா என்று தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வதற்காக ஏற்படுத்திய பேரவை. திருடனே ஊர்க்காவலுக்கு நிற்பதில் ஒரு வசதி உண்டு, திருடன் வரும் நேரம் காவல்காரனுக்கு முன்கூட்டியே தெரியும். கணேஷ்ராம் வரும் தேதியும் குவாரிகளுக்கு ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடும்.

அவர் குழிப் பக்கம் போவதில்லை. வெயிலாக இருக்கும், தூசி வேறு. பாக்கியசீலன் கடைப் பந்தலின் நிழலில், பாக்கியசீலன் கடை நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே பாக்கியசீலன் கடை ஹெல்மெட்டோடு வரிசையில் நிற்கிற அறுபது பேரைப் பார்ப்பார். அவர்கள் உறுதிமொழி வாசிப்பார்கள். அவர் படிவத்தில் டிக் போடுவார். சாப்பாடு முடிந்ததும் அடுத்த குவாரிக்குக் கார் புறப்படும். அதற்கு அரைமணி முன்னதாகவே ஹெல்மெட்டும் பந்தலும் லோடு ஆட்டோவில் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

நாலாவது குவாரியில் கணேஷ்ராம் எழுந்து பேசினார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பாக்கியசீலன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்.

"பதினொரு நாடுகளில் ஆய்வு செய்தவன் நான். ஒரே மாவட்டத்தில் நான்கு குவாரிகள், வெவ்வேறு முதலாளிகள். ஆனால் நான்கிலும் ஒரே தலைக்கவசம், விளிம்பில் ஒரே பச்சைக் கோடு! அந்தக் கோட்டை யார் போடச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. பாதுகாப்பு உணர்வு தானாக ஊறி வந்திருக்கிறது. நான் இதைத் தலைமையகத்துக்கு எழுதப்போகிறேன்."

"சார், அது எங்க கடை அடை..." என்று ஆரம்பித்தார் பாக்கியசீலன். பூதலிங்கம் அவர் காலை மிதித்தார்.

கணேஷ்ராம் சொன்னபடி எழுதினார். ஒரு மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. இனி பச்சைக் கோடு உள்ள தலைக்கவசமே ஏற்கப்படும். அசட்டு மனுஷர் ஒருவர் தன் சின்னக் குவாரி ஆட்களுக்குச் சொந்தக் காசு போட்டு நல்ல வெள்ளை ஹெல்மெட்டாக வாங்கி மாட்டியிருந்தார். அவருக்கு 'பாதுகாப்பில் அக்கறையின்மை' என்று நோட்டீஸ் போனது. அடுத்த வாரம் அவரும் தலையைச் சொறிந்துகொண்டு பாக்கியசீலன் கடை வாசலில் வந்து நின்றார்.

இதில் வேடிக்கை பார்ப்பதோடு பாக்கியசீலன் நின்றிருக்கலாம். நிற்க முடியாதபடி ஒரு காரியம் செய்திருந்தார். அவர் மனைவி சாலோமி மாஞ்சோலை எஸ்டேட்டில் பிறந்தவள். அவள் தம்பி ஜெனோ அங்கேயே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவன். எஸ்டேட்டை மூடி ஆட்கள் எல்லாரும் மலையை விட்டுக் கீழே இறங்கியபோது மனைவி டெபோராவோடு அவனும் இறங்கினான். தரையில் அவனுக்கு எந்த வேலையும் தெரியாது. பாக்கியசீலன்தான் பூதலிங்கத்திடம் சொல்லி மேகவர்ணாவில் சேர்த்துவிட்டார். மலையில் பிறந்தவன் மலையில் துளை போடும் வேலைக்குப் போனான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. குவாரிக் குழியில் தண்ணீர் தேங்கியது. அதை 'புதிய நீர்நிலை உருவாக்கம்' என்று விண்ணப்பத்தில் எழுதினால் பேரவையின் 'பச்சைப் பாறை' விருது கிடைக்கும் என்று பூதலிங்கத்துக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். நீர்நிலை என்றால் பறவை வேண்டுமாம். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது.

"அண்ணாச்சி, வாத்து கிடைக்குமா?"

பாக்கியசீலன் இருபது வருஷமாகக் கடை நடத்துகிறார். யானை கேட்டிருக்கிறார்கள், பாம்பு வாணம் விடுகிறவனைக் கேட்டிருக்கிறார்கள். வாத்து கேட்டது இதுதான் முதல் தடவை. கார் நெல் அறுப்பு முடிந்த ஆற்றுப்பாசன வயலில் வாத்து மேய்க்கிறவரைப் பிடித்து நாற்பது வாத்தை லோடு ஆட்டோவில் ஏற்றிக் குழிக்குள் கொண்டுபோய் இறக்கினார். கற்பொடி கரைந்து பால் மாதிரி வெளுத்துக் கிடந்த தண்ணீரை வாத்துகள் பார்த்தன. ஒன்றுகூட இறங்கவில்லை. நாற்பதும் கரையில் நின்றுகொண்டன.

ஹெல்மெட், சட்டையோடு வரிசைக்கு வந்த ஜெனோ அவர் பக்கத்தில் வந்தான்.

"அத்தான், மேல பாருங்க. மேக்குப் பாறையில கறுப்பா ஒரு விரிசல் தெரியுதா? போன மாசம் அதுக்குள்ள வெரலுதான் போச்சு. இப்பம் கையே போகுது. மழைத் தண்ணி பூரா அதுக்குள்ளதான் இறங்குது."

பாக்கியசீலன் அண்ணாந்து பார்த்தார். கழுத்து வலித்தது. இருநூறு அடி உயரத்துக்குப் பாறை சுவர் போல நின்றது.

"இப்படி நேராவா லே வெட்டுவாவ?"

"படிபடியாத்தான் வெட்டணுமாம். அப்படி வெட்டுனா கல்லு கொறயும்லா. கெணறு தோண்டுன மாதிரி இறக்கிட்டாவ. ஒவ்வொரு வேட்டுக்கும் பொடிக்கல்லு தலையில விழுது. நான் அதுக்கு அடியிலதான் துளை போடுதேன் அத்தான்."

"பூதலிங்கத்துட்ட சொன்னியா?"

"சொன்னேன். வாத்து வந்துருச்சான்னு கேட்டாரு."

அன்றைக்குப் பார்த்து கணேஷ்ராம், வாத்தைப் பார்ப்பதற்காகக் குழியின் விளிம்பு வரை வந்திருந்தார். பாக்கியசீலன் மேலே ஏறிப்போய், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, அந்த மேக்குப் பாறையில விரிசல் கெடக்கு. என் மச்சினன் அதுக்கு நேர் கீழ நின்னு வேல செய்யுதான். ஒரு எட்டு அங்கன வந்து பாத்தியன்னா..."

கணேஷ்ராம் கோபப்படவில்லை. பொறுமையாகப் படிவத்தைப் புரட்டிக் காட்டினார்.

"பாருங்கள். நாற்பத்திரண்டு கட்டங்கள் இருக்கின்றன. தலைக்கவசம், சட்டை, எச்சரிக்கைப் பலகை, உறுதிமொழி, முதலுதவிப் பெட்டி, பறவை. பாறைக்குக் கட்டம் இல்லை."

"பாறைதான சார் தலையில விழும்?"

"நாங்கள் பாதுகாப்பை ஆய்வு செய்கிறோம், குவாரியை அல்ல. அது வேறு துறை. தவிர, ஒரு பாறை விழுந்தால்தான் அது விபத்து. விழாமல் நிற்கிற பாறையைப் பற்றி எழுதினால் அது வதந்தி. வதந்தியைப் பரப்பக்கூடாது என்று எங்கள் நெறிமுறையிலேயே இருக்கிறது."

"அவன் பயப்படுதான் சார்."

"உறுதிமொழியைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். பயம் போய்விடும்."

பிறகு வாத்துகளைப் பார்த்தார். 'பறவைகள் நீரைக் கலக்காமல் கரையில் கட்டுப்பாட்டுடன் நிற்கின்றன' என்று எழுதிக் கட்டத்தில் டிக் போட்டார். அந்தக் குழியைச் சுற்றி நின்ற அத்தனை பேரிலும் நாற்பது வாத்துக்குத்தான் விவரம் இருந்தது என்று பாக்கியசீலனுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சாலோமி பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான அவன அங்கன கொண்டு தள்ளுனிய. நீங்களே வேண்டாம்னு நிப்பாட்டுங்க."

ஜெனோ கேட்கவில்லை. கங்கைகொண்டானில் ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம், கிறிஸ்மஸுக்குப் பிறகு கூப்பிடுவார்களாம். "அதுவரைக்கும் பைய ஓட்டிருவேன் அக்கா" என்று சிரித்தான்.

பாறையை நிறுத்த முடியாது. கணேஷ்ராமையும் நகர்த்த முடியாது. தன் கையால் ஆகக்கூடியது ஒன்றே ஒன்று என்று பாக்கியசீலன் ஜங்ஷனுக்குப் போய், பெரிய இரும்புக்கடையில் நல்ல ஹெல்மெட் ஒன்று வாங்கி வந்தார். அதுவும் மஞ்சள்தான். கையில் எடுத்தால் கனம் தெரிந்தது. கடைக்காரன் சொன்னதை நம்பாமல் சாலோமி அதைக் கொல்லையில் கவிழ்த்து வைத்து, அம்மிக் குழவியைத் தூக்கி அதன் மேல் போட்டாள். குழவி உருண்டு துவைகல்லில் போய் முட்டியது. ஹெல்மெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு ராத்திரி சாலோமி நிம்மதியாகத் தூங்கினாள். டெபோரா அதன் உள்வாரில் பால்பாயின்ட் பேனாவால் 'ஜெனோ' என்று எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையிலேயே ஜெனோ திரும்பி வந்தான். கேட்டிலேயே பூதலிங்கம் மறித்துவிட்டாராம்.

"கோடு இல்லையாம் அத்தான். பாதுகாப்பு இல்லாத ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டு உள்ள வரக்கூடாதாம்."

"வெறுந்தலையோட போனா?"

"அதுக்கு ஒண்ணும் சொல்லல. தப்பான ஹெல்மெட் போட்டாத்தான் குத்தமாம்."

பாக்கியசீலன் பெயின்ட் டப்பாவை எடுத்தார். இருபது வருஷப் பழக்கம், கை தானாக விளிம்பைச் சுற்றி வந்தது. கோடு காய்வதற்குள் ஜெனோ ஒரு டீ குடித்தான். பச்சைக் கோட்டோடு போனவனைப் பூதலிங்கம் கேட்டில் வணக்கம் சொல்லி உள்ளே விட்டார்.

மூன்று வாரம் அந்த ஹெல்மெட் அவன் தலையில் இருந்தது. பொடிக்கல் விழும் சத்தம் உள்ளே மழைச் சத்தம் மாதிரி கேட்கிறது என்று சொன்னான்.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை மேகவர்ணாவில் பச்சைப் பாறை விருதுக்கான கடைசி ஆய்வு. வாசலில் குலை தள்ளிய வாழை கட்டியிருந்தது. கணேஷ்ராம் அதைப் 'பசுமை வளையம்' என்று குறித்துக்கொண்டார். தூசியை அளக்கும் கருவியை மேனேஜருடைய ஏசி அறையில் வைத்திருந்தார்கள். அது அற்புதமான காற்று என்று காட்டியது. பனிநாட்டிலிருந்து ஒரு பெரியவர் திரையில் தோன்றி, தாமிரபரணிப் பள்ளத்தாக்கு உலகத்துக்கே பாடம் என்று சொல்லி மறைந்தார். அறுபது பேரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் ஹெல்மெட் சாக்கு கடைக்கு வந்து சேர்ந்தது. பாக்கியசீலன் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி அடுக்கினார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. எண்ணியதும் அப்படியே திருப்பிப் போட்டுச் சாக்கின் வாயைக் கட்டிவிட்டார். வாடகைக்கடையில் சாமான் குறைந்து வரும். கரண்டி குறையும், டம்ளர் குறையும், ஒருதடவை ஆட்டுக்கல்லே குறைந்தது. கூடுதலாக வந்த சரித்திரம் கிடையாது. ஆகவே அறுபதுக்கு மேல் எந்த வாடகைக்கடைக்காரரும் எண்ணமாட்டார். சாக்கைத் தூக்கி மூலையில் வைக்கும்போது கொஞ்சம் கனத்தது. ஆரஞ்சுச் சட்டை ஏதாவது ஈரத்தோடு அடியில் கிடக்கும் என்று விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தக் கல் விழுந்தது.

பாறை விழவில்லை. விரிசல் அப்படியேதான் இருந்தது. அதன் உதட்டிலிருந்து ஒரே ஒரு கல், ஒரு தேங்காய்ச் சிரட்டை அளவு, நூறடி கீழே, குனிந்து துளை போட்டுக்கொண்டிருந்த ஜெனோவின் தலையில் விழுந்தது. வெறுந்தலை. ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே, "கல்லு சின்னதுதான். நல்ல ஹெல்மெட் ஒண்ணு இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், சாலோமியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நல்ல ஹெல்மெட் இருந்ததே, அது எங்கே என்று பாக்கியசீலனுக்குப் புரியவில்லை. டெபோராவிடம் கேட்கலாம் என்றால் அவள் அந்த நிலையில் இல்லை. மறதியாக வீட்டில் வைத்துவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்தபோது, செத்துப்போனவன் மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தை நினைத்து அழுதார்.

தன் கடைப் பந்தலைத் தன் கையாலேயே மச்சினன் வீட்டு வாசலில் போட்டார். செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்தது. புதன்கிழமை நாற்காலிகளைக் கொண்டுவந்து கடையில் இறக்கும்போது பூதலிங்கம் வாசலில் நின்றார். தலையைக் குனிந்து, குரலைத் தாழ்த்தி, துக்கத்துக்கு உரிய மரியாதை அத்தனையும் செய்தார். பிறகு சொன்னார்.

"ஒரு ஹெல்மெட் வேணும் அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு. கோடு போட்டது."

"என்னத்துக்கு?"

"நாளைக்கு விசாரணைக்குக் கணேஷ்ராம் சார் வாராவ. கம்பெனி குடுத்துச்சு, பையன் போடாம விட்டுட்டான்னு காட்டணும்லா. இல்லன்னா விருது போயிரும். துட்டிக் காரியத்துக்குத்தான கேக்கேன். ஒங்க கடையில இல்லன்னு சொல்லப்படாதே."

பாக்கியசீலன் மூலையில் கிடந்த சாக்கை இழுத்து வந்து வாயை அவிழ்த்தார். ஒரு ஹெல்மெட்டை எடுத்துச் சிமென்ட் தரையில் ஓங்கி அடித்தார். அப்பளம் மாதிரி நொறுங்கியது.

"இந்தா ஒண்ணு. இதக் கொண்டு காட்டும் வே."

"அண்ணாச்சி..."

"இந்தா இன்னொண்ணு."

அடித்தார். அடுத்ததையும் அடித்தார். பூதலிங்கம் சுவரோரமாக ஒதுங்கினார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். தரை முழுக்க மஞ்சள் சில்லு. பாக்கியசீலனுக்கு மூச்சு வாங்கியது, கண் தெரியவில்லை, கை மட்டும் சாக்குக்குள் போய்ப் போய் வந்தது. அடியில் கிடந்த கடைசியை எடுத்து அதே வேகத்தில் அடித்தார்.

அது உடையவில்லை. எம்பிக் குதித்து, உருண்டு, பூதலிங்கத்தின் காலடியில் போய் நின்றது. உள்வாரில் பால்பாயின்ட் எழுத்துத் தெரிந்தது.

பாக்கியசீலன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது இங்கன எப்படி வந்துச்சு?"

பூதலிங்கம் குனிந்து பார்த்தார். "ஆங், இதுவா. சனிக்கிழமை பய தரமாட்டேன்னான். என் சொந்தம், அத்தான் வாங்கித் தந்ததுன்னு ஒரே பிடியா நின்னான். கோடு போட்ட சாமானு பூரா கடைச் சாமானு, ஒண்ணு கொறஞ்சா அண்ணாச்சி என்னையத்தான கேப்பாருன்னு நான்தான் பிடுங்கிச் சாக்குல போட்டேன். திங்கக்கிழமை சாயங்காலம் கடையில போயி வாங்கிக்கிடுதேன்னு சொன்னான். ஒங்க சாமானு ஒண்ணுகூட நம்ம கம்பெனியில தவறுனது இல்ல அண்ணாச்சி."

அவர் பொய் சொல்லவில்லை. ஒரு சாமானும் தவறவில்லை. கோட்டைப் போட்ட கையைப் பாக்கியசீலன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் பச்சை இருந்தது.

அதற்குள் பூதலிங்கம் போனை எடுத்து, தரையில் கிடந்த ஹெல்மெட்டை மேலே, பக்கவாட்டில், உள்வாரில் இருந்த பெயரோடு என்று மூன்று படம் எடுத்துவிட்டார். பாக்கியசீலன் தவழ்ந்து போய் அதை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நீங்களே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. போட்டோ போதும்" என்று சொல்லிவிட்டுப் பூதலிங்கம் பைக்கை எடுத்தார். துட்டி வீட்டிலிருந்து கிளம்புகிற முறைப்படி போய்ட்டு வாரேன் என்று சொல்லவில்லை.

பத்து நாளில் அறிக்கை வந்தது. டெபோராவுக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். பேரவையின் முத்திரை, வழுவழுப்பான தாள். அவள் பிரிக்காமலே அதைச் சாலோமியிடம் கொடுத்தாள், சாலோமி கணவரிடம் நீட்டினாள். நாற்பத்திரண்டு கட்டத்திலும் டிக் இருந்தது. கீழே கணேஷ்ராம் கைப்பட எழுதியிருந்தார்:

'தொழிலாளியின் பெயர் பொறித்த தலைக்கவசம் முறைப்படி வழங்கப்பட்டிருந்தது. பச்சைக் கோடு உள்ளது. சம்பவத்துக்குப் பிறகும் அதில் ஒரு கீறல்கூட இல்லை. இத்தகைய தரத்தைப் பாராட்டி விருது உறுதி செய்யப்படுகிறது.'

பாக்கியசீலன் தாளை மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பினார்.

"ஜெனோவப் பத்தி என்ன எழுதியிருக்காவ?" என்று கேட்டாள் சாலோமி.

அவர் தாளை மடித்தார். அவள் மறுபடியும் கேட்டாள்.

"ஹெல்மெட்டுக்கு ஒண்ணும் ஆகலையாம்" என்றார்.